முள்ளம்பன்றி தன் பெயருக்கு நேரே போட்ட கோடு

மருதங்காட்டு ஏரிக்கரையில் விலங்குகள் ஒரு கலைக்கல்லூரி நடத்தி வந்தன. அங்கே ஓவியம் கற்றுக்கொடுத்தது ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. ஏரிக்கரையின் ஈரக் களிமண்தான் மாணவர்களுக்குத் தாள். ஈட்டியப்பன் உதிர்த்த முட்கள்தான் எழுதுகோல்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு தொடங்கும் முதல் நாளே, ஆண்டு முடிவில் மாணவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை ஆசிரியர் வாசல் மரத்துப் பட்டையில் கீறிவிட வேண்டும். ஆண்டு முடிவில் மாணவர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். நேர்கோடு என்றால் தேறிவிட்டார். சாய்ந்த கோடு என்றால் தவறிவிட்டார். தவறியவர் மழைக்கு முன் கல்லூரியை விட்டுப் போய்விட வேண்டும். திரும்பி வர முடியாது.

அந்த ஆண்டு ஈட்டியப்பன் மூன்று நாட்களாக மரத்தடியில் நின்றது. எழுதும், அழிக்கும். முதல்வர் திமிலன் வந்து பார்த்தார். அவர் ஒரு காட்டெருமை.

"என்ன வாத்தியாரே, பட்டை தேய்ஞ்சு போச்சு. இன்னும் ஒரு வரி நிக்கலையா?"

"எதை எழுதினாலும் அது ஓவியம் இல்லைன்னு தோணுதுங்க."

"போன வருஷம் நீர் என்ன எழுதினீர்? 'அழகை உணர்வார்கள்'. எத்தனை முழம் உணர்ந்தாங்கன்னு மேற்காட்டுச் சபையில கேட்டாங்க. நான் வாலை ஆட்டிக்கிட்டு நின்னேன். இந்த வருஷம் அளக்கிற மாதிரி எழுதும்."

ஈட்டியப்பனுக்குச் சலித்துவிட்டது. சட்டென்று ஒரு வரி கீறியது: 'மாணவர் வரையும் யானையை, வழியில் போகிற மூவரில் இருவராவது யானை என்று சொல்வார்கள்.'

முதல்வர் இரண்டு முறை படித்தார். "இது இலக்கு. இதை ஒரு தவளைகூட அளந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பில் ஐந்து பேர். அதில் தாவுராசன் என்ற குரங்கு வரும்போதே வரையத் தெரிந்து வந்தது. முதல் நாளே நான்கு இழுப்பில் ஒரு யானையைப் போட்டுவிட்டு, மிச்ச நேரம் மற்றவர்களின் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பாறையம்மா என்ற உடும்பின் கதை வேறு. அவள் வகுப்பிலேயே மூத்தவள். ஈட்டியப்பனைவிடவும் வயதானவள். பேரப்பிள்ளைகள் எடுத்தவள். மூன்று ஆண்டு கேட்டுக் கேட்டு நான்காம் ஆண்டுதான் இடம் கிடைத்தது. முதல் நாள் அவள் போட்ட யானை, மிதிபட்ட நாவல்பழம் போல் இருந்தது.

"பாட்டி, அது யானையா, யானை போட்டதா?" என்றது தாவுராசன்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே தம்பி இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன்" என்றாள் பாறையம்மா.

அவள் தினமும் நண்பகலில் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வரும் கிழ யானையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். அது போகும்வரை கண்ணெடுக்க மாட்டாள். பிறகு வந்து வரைவாள். அழிப்பாள். மறுநாள் மறுபடி போவாள்.

தேர்வு நாள் வந்தது. வழியில் போன ஒரு காகத்தையும் மரங்கொத்தியையும் தவளையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தாவுராசனின் படத்தைப் பார்த்ததும் மூன்றும் ஒரே குரலில், "யானை" என்றன. மற்ற மூன்று மாணவர்களும் தேறினார்கள். கடைசியில் பாறையம்மாவின் படம்.

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "நாலு பனைமரம். மேல ஒரு மேகம்."

"மண்டபம்" என்றது மரங்கொத்தி. "தூண் தூணா இருக்கு. கூரை கொஞ்சம் தொங்குது, மழைக்குள்ள சரிபண்ணச் சொல்லுங்க."

தவளை மட்டும் ஒரு எட்டுப் பின்னால் குதித்தது. "யானை" என்றது.

மூவரில் ஒருவர்தான். ஈட்டியப்பன் மரத்தடிக்குப் போய்ப் பாறையம்மாவின் பெயருக்கு நேரே சாய்ந்த கோடு போட்டது. அவள் அதைப் பார்த்தாள். தன் முள்ளைக் கழுவி ஆசிரியரின் பாறைமேல் வைத்தாள்.

"மழை எப்ப வரும்னு சொல்றாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலஞ்சு நாள்ல."

"அதுவரைக்கும் யானையைப் பார்க்கலாம் இல்லையா? அதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

"தடை ஒண்ணும் இல்லை" என்றது ஈட்டியப்பன். அவள் போன பிறகு தவளையைத் தேடிப் போனது.

"நீ மட்டும் எப்படி யானைன்னு சொன்னே?"

"எப்படின்னா? தினம் தலைக்கு மேல வருது. கீழேயிருந்து பார்த்தா அப்படித்தானே இருக்கும். இடது முன்னங்கால்ல ஒரு வெடிப்பு, அதையும் போட்டிருக்காங்க. நான் பயந்துட்டேன்."

ஈட்டியப்பன் யோசித்தது. பதினைந்து ஆண்டுகளாக அது யானையைப் பார்த்ததெல்லாம் வகுப்பு நடத்தும் தன் பாறைமேல் உட்கார்ந்துதான். மறுநாள் நண்பகலில் கரையில் இறங்கி, உடும்பு படுக்கும் இடத்தில் வயிறு தரையில் படப் படுத்தது.

கிழ யானை குனிந்து பார்த்தது. "என்ன வாத்தியாரே, விழுந்துட்டீரா?"

"இல்லை. பார்க்கிறேன். கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"நான் அசைஞ்சா அப்புறம் நீர் அசைய மாட்டீர். பாரும்."

ஈட்டியப்பன் பார்த்தது. நான்கு தூண்கள். தொங்கும் கூரை. எங்கோ உயரத்தில் ஒரு தும்பிக்கை. இடது காலில் வெடிப்பு. கிழிந்த காது. அதன் கீழே, பாதியில் ஒடிந்த ஒற்றைக் கொம்பு. எல்லாம் பாறையம்மாவின் படத்தில் இருந்தன.

"இந்தக் கொம்பு எப்ப ஒடிஞ்சது?"

"எட்டு வருஷம் ஆச்சு. எட்டு வருஷமா உம்ம பிள்ளைங்க என்னைத்தான் பார்த்து வரையறாங்க" என்றது யானை.

ஈட்டியப்பன் எழுந்து ஓடியது. களிமண்ணில் தாவுராசனின் படம் இன்னும் இருந்தது. அழகான யானைதான். இரண்டு முழுக் கொம்புகள். முதல் நாள் போட்ட அதே யானை. மற்ற மூன்று படங்களிலும் அதே இரண்டு கொம்புகள்தான். குரங்கின் படத்தைப் பார்த்து வரைந்திருந்தார்கள். யானை பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருக்க, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்கு நேர்கோடு போட்டது ஈட்டியப்பனின் கைதான்.

அது அங்கேயே உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டது. 'வயதானவள் என்று இரக்கப்பட்டு இப்படி நினைக்கிறேனா? குரங்கின் வாய்த்துடுக்கு பிடிக்காமல் இப்படி நினைக்கிறேனா?' இரண்டும் கொஞ்சம் இருந்தன. அதை மறுக்க முடியவில்லை. ஆனால் அவை இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் ஒடிந்த கொம்பு அங்கேதான் இருந்தது.

நேரே முதல்வரிடம் போனது.

"பாறையம்மாவோட கோட்டை மாத்தணுங்க."

திமிலன் அசைபோடுவதை நிறுத்தினார். "ஏன்? ரெண்டு பேர் யானைன்னு சொன்னாங்களா?"

"இல்லை. இலக்கே தப்பு. நான் அவங்களுக்குப் பார்க்கக் கத்துக்கொடுக்க நினைச்சேன். ஆனா அடையாளம் தெரியற மாதிரி ஒண்ணைப் போடத்தான் எழுதி வச்சேன். அவ ஒருத்திதான் பார்த்தா."

"நல்லா இருக்குய்யா. தேர்வு முடிஞ்ச பிறகு இலக்கை நகர்த்துவீர். அடுத்த வருஷம் உமக்கு வேண்டிய இன்னொருத்தர் தவறினா அங்கேயும் நகர்த்துவீர். உம்ம வரியை நம்பித்தானே நாலு பேர் வரைஞ்சாங்க? அவங்களுக்கு என்ன சொல்வீர்?"

ஈட்டியப்பனின் முட்கள் படிந்தன. முதல்வர் சொன்னது நியாயம். எழுதியதை மாற்றினால் அது பாறையம்மாவுக்குக் கொடுக்கும் பிச்சையாகிவிடும். மாற்றாவிட்டால், நன்றாகக் கற்ற ஒரே ஆள் வெளியே போவாள்.

கல்லூரியின் பழைய சட்டம் ஒன்று அதற்கு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிக் கேட்டது. "ஆசிரியர் தவறினா என்னன்னு சட்டத்துல இருக்கே?"

திமிலன் சிரித்தார். "இருக்கு. யாரும் தொட்டதில்லை. ஆசிரியருக்குச் சாய்ந்த கோடு விழுந்தா, அவர்கிட்டப் படிச்சுத் தவறினவருக்கு இன்னொரு பருவம் உண்டு. ஆசிரியருக்கு மழைக்காலம் முழுக்கக் குகை கிடையாது. வெளியில கிடக்கணும். ஏன் கேட்கிறீர்?"

ஈட்டியப்பன் திரும்பி நடந்தது. வாசல் மரத்துக்குப் போய், எல்லோரும் பார்க்க, தன் பெயரைக் கீறி அதற்கு நேரே ஒரு சாய்ந்த கோட்டை இழுத்தது. ஆழமாகவே இழுத்தது.

தாவுராசன் கிளையிலிருந்து தொங்கியது. "வாத்தியாரே, அப்ப எங்க கோடு?"

"உங்க கோடு நேர்கோடுதான். நான் கேட்டதை நீங்க செஞ்சீங்க. கேட்கத் தெரியாதவன் நான்."

குரங்கு தொங்குவதை விட்டுக் கிளையில் ஏறி உட்கார்ந்தது.

ஈட்டியப்பன் பாறையம்மாவின் பொந்துக்குப் போனது. "உங்களுக்கு இன்னொரு பருவம் இருக்கு. இந்தத் தடவை இலக்கை நான் தனியா எழுதப் போறதில்லை. நீங்க எதை வரையணும்?"

"யானை போதும் ஐயா. யானைக்கே என்னைப் பார்த்து அலுத்துப்போச்சு" என்றாள் அவள். "தண்ணி மேல மழை விழறதை வரையணும்."

"அது நிக்காதே."

"நிக்கிறதைத்தான் பார்த்தாச்சே."

இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு வரி எழுதினார்கள்: 'முதல் மழையில் ஒரு படம். நாற்பது நாள் கழித்து ஒரு படம். முதலில் காணாத மூன்று விஷயங்கள் இரண்டாவதில் இருக்க வேண்டும். மூன்றும் உண்மையா என்பதை ஆசிரியர் தன் கண்ணால் போய்ப் பார்க்க வேண்டும்.'

முதல்வர் படித்தார். "அளக்க முடியுது. ஆனா உமக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"இருக்கட்டுங்க."

முதல் மழை விழுந்தது. பாறையம்மா ஒரு களிமண் பலகையில் புள்ளி புள்ளியாகக் குத்தினாள். அதைப் பாறை இடுக்கில் காய வைத்துவிட்டு ஏரிக்கரையில் படுத்தாள். ஈட்டியப்பனுக்குக் குகை இல்லை. புங்கமரத்தின் அடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்தது. காய்ச்சல் வந்தது, போனது. ஒருநாள் தாவுராசன் ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்து அதன் தலைமேல் போட்டுவிட்டு, பாறையம்மாவின் பக்கத்தில் குந்தித் தண்ணீரைப் பார்த்தது.

நாற்பதாம் நாள் பாறையம்மா இரண்டாவது பலகையைக் கொண்டுவந்தாள். முதல்வரும் வந்தார்.

"மூணையும் சொல்லும்மா" என்றார்.

"துளி விழுந்த இடத்துல தண்ணி குழியாகுது. உடனே அந்தக் குழியிலிருந்து ஒரு சின்னக் கம்பம் எழும்புது. அது ஒண்ணு. மழை விட்ட பிறகும் மரத்தடியில மழை பெய்யுது, அந்தத் துளி பெரிசு, வளையமும் பெரிசு. அது ரெண்டு."

"மூணு?"

"ரெண்டு வளையம் மோதிக்கிட்டா உடையறதில்லை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து, அது அது தன் வழியில முழுசாப் போயிடுது."

"அதெப்படி? மோதினா உடையத்தானே செய்யும்?" திமிலன் கொம்பை ஆட்டினார். "நானும் என் தம்பியும் மோதி எத்தனை தடவை பார்த்தாச்சு."

அவர் ஆசிரியரைப் பார்த்தார். ஈட்டியப்பனும் முதல் இரண்டையும் கண்டிருந்தது. மூன்றாவதைக் கண்டதில்லை. நம்பவும் முடியவில்லை. ஆனால் சரி என்று தலையாட்டினால் வேலை முடிந்துவிடும். எல்லோரும் நனையாமல் போய்விடலாம். பாறையம்மா ஈட்டியப்பனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கலை. பார்த்துட்டுத்தான் கோடு போடுவேன்" என்று ஈட்டியப்பன் சொன்னது.

"தப்பா இருந்தா, ஐயா?"

"தப்பா இருந்தா தப்புதான், அம்மா."

"அதுதான் சரி" என்றாள் பாறையம்மா.

மழை மறுபடி பிடித்தது. ஈட்டியப்பன் தண்ணீரின் விளிம்பில் மோவாயை மண்ணில் வைத்துப் படுத்தது. கனத்த மழையில் வளையங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒன்றும் புரியவில்லை. முதல்வர் மரத்தடிக்குப் போய்விட்டார். ஈட்டியப்பன் எழவில்லை. கண்ணில் தண்ணீர் இறங்க இறங்கத் துடைத்துக்கொண்டு பார்த்தது. மாலையாகும்போது மழை மெலிந்து தூறலாயிற்று. இரண்டு துளிகள் ஒரு முழ இடைவெளியில் ஒன்றாக விழுந்தன. இரண்டு வளையங்கள் விரிந்தன, தொட்டன, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தன, வெளியேறின. இரண்டும் முழுதாக, ஒன்று கரைக்கும் மற்றது ஏரியின் நடுவுக்கும் போயின. இன்னொரு ஜோடி. இன்னொன்று. பத்து முறை பார்த்த பிறகுதான் அது எழுந்தது.

முதல்வரையும் கூப்பிட்டுக் காட்டியது. அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷம் இதுல தண்ணி குடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஈட்டியப்பன் மரத்தடிக்குப் போய்ப் பாறையம்மாவின் பெயருக்கு நேரே நேர்கோடு போட்டது. அவள் கல்லூரியில் தங்கினாள்.

எது கற்கத் தக்கதோ அதையே இலக்காக வைத்து, அதை அளக்கும் சிரமத்தைத் தானும் படத் துணிந்தவரே பிறருக்குத் தேர்வு வைக்கத் தகுந்தவர்.