கப்பல் நாற்காலியும் பட்டைவால் மூக்கனும்

முத்தந்துறை மீன்பிடித் துறைமுகத்து வாசலில் பிரகாசி அக்காவின் டீக்கடை இருக்கிறது. கடைக்குள் ஒரு கப்பல் நாற்காலி இருக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலை உடைத்தபோது பழைய சாமானோடு சாமானாக வந்தது. தேக்கு மரம், பித்தளைக் கை, உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றலாம். அதில் கண்டவர்கள் உட்கார்ந்துவிட முடியாது. ஊரிலேயே பெரிய புளுகர் யாரோ அவருக்கு மட்டும்தான் அது.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் அளந்துகொண்டிருக்கும்போது கேட்கிறவர்கள் கேள்வி கேட்கலாம், சிரிக்கலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் "பொய்" என்ற வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னவர் அன்றைக்குக் கடையில் விழுகிற டீ கிளாஸ் முழுவதையும் கழுவ வேண்டும். நாற்காலியில் இருப்பவரே சொல்லிவிட்டால் கிளாஸும் கழுவ வேண்டும், நாற்காலியும் போய்விடும். எதிரே பேசிக்கொண்டிருந்தவருக்கு அது சொந்தம்.

பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலி கஸ்பார் அண்ணாச்சியிடம் இருந்தது. ஒரு காலத்தில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகிற தோணிக்கு அவர்தான் தண்டல், அதாவது கேப்டன். முழங்கால் போனதும் கடலை விட்டார். மகன் மதித்ததில்லை, மருமகள் காபியை ஆறவைத்துத்தான் கொடுப்பாள். அவருக்கு மிச்சம் இருந்த ஒரே பதவி இந்த நாற்காலிதான். காலையில் ஆறு மணிக்கு வந்து துண்டால் தட்டிவிட்டு உட்காருவார் பாருங்கள், எனக்கே எழுந்து நிற்கலாம் போலிருக்கும். நான் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன். ஐஸ் உடைக்கிறவனுக்கு நாற்காலி ஆசை கிடையாது, கேட்பதோடு சரி. வலை பின்னுகிற தொம்மைக்குத்தான் அந்த நாற்காலிமேல் ஒரு கண். ஆனால் அவருக்கு வாய் அடங்காது. இந்தக் கதை நடந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை கிளாஸ் கழுவியிருந்தார்.

போன ஐப்பசியில் நடந்தது இது. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். வாசலில் ஒரு பெண் முக்காலி வைத்து, அதன்மேல் குழாய் மாதிரி ஒரு தொலைநோக்கியை மாட்டி, அலைத்தடுப்புப் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பூங்கொடி, பொள்ளாச்சிப் பக்கம். பறவை எண்ண வந்தவள். மழை தூறியதும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்துவிட்டாள். கடைச் சட்டம் அவளுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவும் இல்லை.

கஸ்பார் அண்ணாச்சி நாற்காலியைப் பைய அவள் பக்கம் திருப்பினார்.

"என்ன மகளே, அந்தக் கொழாயில எதப் பாக்கிய?"

"பறவைங்க ஐயா. வடக்கேயிருந்து வலசை வந்திருக்குதுங்க. எண்ணீட்டு இருக்கேனுங்க."

"எத்தன வந்திருக்கு?"

"பாறை மேல மட்டும் இருநூத்திப் பதினாலுங்க."

அண்ணாச்சி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆரம்பமாகிவிட்டது என்று பிரகாசி அக்கா அடுப்பைக் குறைத்தாள்.

"இருநூத்திப் பதினாலு! இதெல்லாம் ஒரு வரத்தா மகளே? நான் தண்டலா இருந்த காலத்துல ஒரு ஐப்பசியில வந்துச்சு பாரு, வானத்துல ஊசி குத்த எடமில்ல. மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கும்மிருட்டு. லைட்ஹவுஸ்காரன் வெளக்கப் போட்டுட்டான். கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போயிட்டு. கோயில்ல அந்திமணி அடிச்சாச்சு. சனம் ஜெபத்தச் சொல்லி, கஞ்சியக் குடிச்சி, பாய விரிச்சுப் படுத்துட்டு. கூட்டம் கடந்து போனதும் சுள்ளுன்னு வெயிலு. விடிஞ்சிட்டுன்னு அம்புட்டு பேரும் எந்திச்சுப் பல்லு வெளக்கி, காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சுட்டோம். கிழிச்சது கிழிச்சதுதான? அன்னையிலருந்து எல்லா ஊருக்கும் ஒரு நாள் முந்தித்தான் முத்தந்துறைக்கு ஞாயித்துக்கெழம வருது."

"அப்போ போன ஞாயித்துக்கெழம சாமியாரு பூசைக்குச் சரியாத்தான வந்தாரு?" என்றார் தொம்மை.

"அவரு ஒரு நாள் பிந்தித்தான் வந்தாரு வே. வெளியூர்க்காரரு. மரியாதைக்கு நாம ஒண்ணுஞ் சொல்லல."

கடை சிரித்தது. பூங்கொடி சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தாள். "கூட்டத்துல எந்தப் பறவைங்க ஐயா அதிகம்?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி நோட்டை எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவர் சொன்னதை எழுதிக்கொண்டதில்லை. "எல்லாந்தான்" என்றார். அவள் அதையும் எழுதினாள்.

அவ்வளவுதான், மனுஷனுக்குக் கடிவாளம் அறுந்துவிட்டது.

"எழுதிக்க. அதே வருசம் கடல்ராணின்னு ஒரு தோணி, நான் தண்டலு, எட்டுப் பேரு, நூறு டன் வெங்காயம். மாலத்தீவுக்குக் கெளம்புதோம். பொட்டுக் காத்தில்ல. பாய் தொங்குது. பாத்தா, பூநாரைக் கூட்டம் ஒண்ணு களைச்சுப்போயி எங்க பாய்மரத்துல வந்து உக்காருது. ஒண்ணு, ரெண்டு, நூறு, ஆயிரம். தோணி அமுங்குது. தண்ணி விளிம்புக்கு வந்துட்டு. நான் என்ன செஞ்சேன்? ஒரே ஒரு தும்மல்! அம்புட்டும் பயந்து ஒண்ணாப் பறந்துச்சு. பாய்மரத்துல காயப்போட்டிருந்த வலையில அதுக காலு சிக்கியிருக்கு. தோணி கடல விட்டு எந்திச்சிட்டு!"

"வெங்காயத்தோடயா?" என்றேன் நான்.

"வெங்காயத்த எறக்கி வச்சிட்டா போவான்? வெங்காயத்தோடத்தான். அந்த நெடி மேல ஏறி, ஆயிரம் பூநாரையும் மாலத்தீவு வரைக்கும் அழுதுகிட்டே போச்சு. கீழ கடல்ல உப்பு கூடிப்போயி, மீனெல்லாம் தல தூக்கிப் பாக்கு."

தொம்மைக்கு முகம் சிவந்துவிட்டது. "பொ..." என்று ஆரம்பித்தவர், கிளாஸ் கழுவும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பொறுமையாச் சொல்லும்" என்று முடித்தார்.

"சுக்கான் எப்படிங்க ஐயா திருப்புனீங்க?" என்றாள் பூங்கொடி.

"நல்ல கேள்வி. மூங்கில் கம்பு நுனியில ஒரு சென்னாக்கூனி எறாலக் கட்டி முன்னால நீட்டிக்கிட்டேன். எடப்பக்கம் நீட்டுனா எடப்பக்கம் போகும். வழியில ஒரு பிளேன்காரன் ஆரன் அடிச்சான், ஒதுங்கி வழி விட்டேன். மாலத்தீவுல கடல்ல எறக்க எடமில்லாம ஏரோட்ராமுல எறக்குனேன். அங்க இருந்த ஆபீசர், கப்பல் சீட்டப் பாக்கவா பிளேன் சீட்டப் பாக்கவான்னு ரெண்டு நாள் யோசிச்சான். அதுக்குள்ள வெங்காயம் மொளச்சிட்டு."

கடை முழுவதும் விசில். அண்ணாச்சி நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.

"இன்னும் கேளு. அந்தக் கூட்டத்துக்குத் தலைவியா ஒரு பூநாரை. எம் பொண்டாட்டி கொலுச ஒத்தக் கால்ல மாட்டி அனுப்பிவிட்டேன், அடையாளத்துக்கு. அடுத்த ஐப்பசிக்குச் சரியா எங்க வீட்டு ஓட்டுல வந்து உக்காந்துச்சு. கொலுசு இல்ல. எம் பொண்டாட்டி சண்டைக்கு வாரா. அது அலகத் தொறந்து கக்குச்சு பாருங்க. கொலுசு! பாலிஷ் போட்டு, விட்டுப்போன முத்தக் கோத்து! அடுத்த மாசம் எம் மகளுக்குக் கல்யாணம், பந்தியில முத வரிசையில உக்காந்து சாப்ட்டுட்டுத்தான் போச்சு. ஒத்தக் கால்ல நின்னுகிட்டே."

இதற்குமேல் ஒருத்தன் என்ன சொல்ல முடியும்? அன்றைய ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய மனுஷத்தனமாக, "நீயும் ஏதாச்சும் சொல்லு மகளே. படிச்ச புள்ள, பறவை பாத்திருப்பிய" என்றார்.

"நான் பார்த்ததெல்லாம் சாதாரணமுங்க" என்றாள் அவள் கூச்சத்தோடு. "பட்டைவால் மூக்கன்னு ஒரு பறவை இருக்குதுங்க. நீளமான அலகு, சேத்துல குத்திப் புழுத் திங்கும். நம்ம கடற்கரைக்கும் கொஞ்சம் வருமுங்க. அதுல ஒண்ணுக்கு அலாஸ்காவுல, போற வழியைக் காட்டுற ஒரு சின்னக் கருவி கட்டி விட்டாங்க. அது ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே டாஸ்மேனியாவுல போய் இறங்குச்சுங்க. பதிமூவாயிரத்து ஐநூறு கிலோமீட்டருங்க."

"பரவாயில்ல, புள்ளைக்கு வருது" என்றார் அண்ணாச்சி எங்களிடம். "எங்கெங்க எறங்கி எறங்கிப் போச்சு?"

"எங்கயும் இறங்கலைங்க. பதினோரு நாள் ஒரே மூச்சாப் பறந்துச்சுங்க."

அண்ணாச்சியின் புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் நாற்காலி ஆடுவது நின்றுவிட்டது.

"களைச்சா கடல்ல உக்காந்திருக்கும்."

"இல்லைங்க. வாத்து மாதிரி அது கடல்ல மிதந்து ஓய்வெடுக்காதுங்க."

"தண்ணி?"

"குடிக்கலைங்க."

"தீனி?"

"அதுவும் இல்லைங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே வயிறு முட்டத் தின்னு உடம்புல கொழுப்பு ஏத்திக்குமுங்க. ஏத்துனதும், வழியில எப்படியும் சாப்பிடப் போறதில்லையே, எதுக்கு வெட்டிச் சுமைன்னு குடலையும் இரைப்பையையும் சின்னதாச் சுருக்கிக்குமுங்க. போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி வளர்ந்துக்கும்."

தொம்மை வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். வந்த டீயை ஆறவைத்துக்கொண்டு நின்றோம். இப்படி ஒரு அளப்பை முத்தந்துறை கேட்டதில்லை. அதுவும் எப்படிச் சொல்கிறாள்! குரல் ஏறவில்லை, கை ஆடவில்லை, ரேஷன் கடையில் விவரம் சொல்வது மாதிரிச் சொல்கிறாள்.

"ஒறக்கம்?" என்றார் அண்ணாச்சி.

"அது தெரியலைங்க ஐயா. எப்படித் தூங்குதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதுங்க."

அந்த இடத்தில்தான் நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன், மனசுக்குள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் சாதாரணப் புளுகன். ஒன்றை மட்டும் தெரியாது என்று விட்டுவைப்பவள் மகாராணி. அண்ணாச்சிக்கும் அது புரிந்துவிட்டது. பித்தளைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"சரி மகளே, போகட்டும்" என்றார். "நானும் கடல்ல கெடந்தவன். பதினோரு நாளுங்கிய, இருக்கட்டும். நாப்பது வருசம் கடல்ல கெடந்த கெழட்டுப் பறவை, வழி தெரிஞ்சு போயிருக்கும்."

"இல்லைங்க ஐயா. அது குஞ்சுங்க. பொறந்து அஞ்சு மாசம்தான்."

"தாயி கூடப் போயிருக்கும்!"

"இல்லைங்க. பெருசுக எல்லாம் முன்னாடியே கிளம்பிப் போயிருமுங்க. குஞ்சுக பின்னாடி வரும். அந்த வழியை அது அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லைங்க."

அண்ணாச்சி எழுந்தார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, விறைத்து நின்றார்.

"எம் மவனுக்கு முப்பத்திரண்டு வயசு! திருநெவேலிக்குப் போனா மூணு தடவ போன் போட்டு வழி கேக்கான்! அஞ்சு மாசக் குஞ்சு, தாயுமில்லாம தகப்பனுமில்லாம, திங்காம, குடிக்காம, கொடல மடிச்சு வச்சிக்கிட்டு, காணாத கடலத் தாண்டிச்சாம்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் மகளே! பொய்! பச்சப் பொய்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பிரகாசி அக்கா கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷம்.

பூங்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய், "ஐயா, சத்தியமா உண்மைங்க" என்றாள்.

"பாத்தீரா வே?" என்று தொம்மை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதையும் சேத்துச் சொல்லுது! கஸ்பாரு இத்தன வருசம் அளந்தாரு, ஒரு நாளாவது கடைசியில உண்மன்னு சொல்லத் துணிஞ்சிருப்பாரா?"

அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனார். அன்றைக்கென்று கூட்டம், அறுபது கிளாஸாவது இருக்கும். கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"மகளே, அந்தக் குஞ்சு போய்ச் சேந்துச்சுல்லா?"

"சேர்ந்துச்சுங்க ஐயா. பத்திரமா."

"ம்" என்றார். ஒரு கிளாஸை இரண்டு முறை கழுவினார்.

மழை விட்டதும் அவள் போய்விட்டாள். நாற்காலி அவளுடையதுதான், அவள் மறுபடி பறவை எண்ண வருகிற ஐப்பசிவரை யாரும் உட்கார மாட்டோம். அண்ணாச்சி இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நான் ஐஸ் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி, சுற்றி இருபது பேர். அந்தப் பறவைக்குக் கருவி கட்டிவிட்டதே தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன். பதினோரு நாள் மூன்று நாளாகியிருந்தது. வழியில் இரண்டு தீவில் இறங்கித் தின்றுவிட்டுப் போனது. தாய்ப் பறவையும் கூடவே போனது.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "என்ன அண்ணாச்சி, நீங்க போயி ஒரு கதையக் கொறச்சுச் சொல்லுதிய?"

"நாலு பேரு நம்பணும்லா வே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அதோட, அஞ்சு மாசக் குஞ்சு. தனியா விட எனக்கு மனசு வரல."