விலாசத்துக்கு வாடகை

ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் இரண்டு புறநகர்கள் இருந்தன. ஒன்று வாகை நகர், இன்னொன்று ஏரிப்பாக்கம். நடுவே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வாகை நகரில் ஊரே மெச்சும் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டு வாடகையோ கிட்டே போக முடியாது. ஏரிப்பாக்கத்தில் வீடு கட்டுப்படியாகும், பள்ளிக்கூடம் பேருக்குத்தான்.

அந்த வருஷம் ஏப்ரலில் தவச்செல்விக்கு வீடு தேட வேண்டி வந்தது. குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று மே கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறவள். புருஷன் ஞானதுரை ஏ.சி. மெக்கானிக். மகள் ஜெமிமாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும்.

முதலில் வாகை நகருக்குப் போனார்கள். அங்கே காலியாயிருந்தது ஒரே ஒரு வீடு. ஒற்றை அறை. சுவரில் ஈரம் ஊறி, சுண்ணாம்பு பொரிந்து தொங்கியது. தவச்செல்வி குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

"இதுக்கா இருபத்திரண்டாயிரம்?" என்றாள்.

வீடு கொட்டாவி விட்டது. "தண்ணிக்காக யாரும்மா என்கிட்ட வர்றாங்க? அந்த ஜன்னலைத் திறந்து பாரு."

திறந்தாள். எதிரே பள்ளிக்கூடத்தின் பெரிய இரும்புக் கேட் பளபளவென்று நின்றது.

"அதுதான் வாடகை. நான் சும்மா நாலு சுவரு" என்றது வீடு.

அவளுக்கு முகம் சிவந்தது. நேராகத் தெருவைக் கடந்து கேட்டிடம் போனாள். "என் பொண்ணைச் சேர்க்கணும். நல்லாப் படிப்பா. எழுத்துக் கூட்டி இப்பவே வாசிக்கிறா."

கேட் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நான் பிள்ளையைப் பார்ப்பதில்லை, விலாசத்தைப் பார்ப்பேன். ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் வாருங்கள்."

அடுத்த ஞாயிறு ஏரிப்பாக்கம் போனார்கள். அங்கே ஒரு வீடு வாசலிலேயே அவர்களை வரவேற்றது. "வாங்கம்மா, உள்ள வாங்க. ரெண்டு ரூமு. தண்ணி காலையிலயும் சாயங்காலமும் வரும். எட்டாயிரம் குடுத்தாப் போதும்."

ஜெமிமா அறைக்கு அறை ஓடினாள். ஞானதுரை சிரித்துக்கொண்டே, "செல்வி, இங்கயே இருந்துரலாம் போல இருக்கு" என்றான்.

"பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டாள் தவச்செல்வி.

வீட்டின் சிரிப்பு நின்றது. "அதை நீங்களே போய்ப் பார்த்துருங்கம்மா. என் வாயால சொல்ல மாட்டேன்."

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர். அவரும் ஏதோ கணக்கெடுப்பு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் போன வாரத் தேதி.

"உன்மேல எழுத யாருமே இல்லையா?" என்று கேட்டாள்.

"மூணு டீச்சர் இருந்தாங்க" என்றது கரும்பலகை. "ஒருத்தரை மாத்தினாங்க, பதிலுக்கு ஆள் போடலை. டீச்சர் இல்லைன்னு கொஞ்சம் பிள்ளைங்க போச்சு. பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு இன்னொரு டீச்சரை எடுத்துட்டாங்க. இப்ப தினமும் காலையில ஏழரைக்கு வேன் வருது. ஏரிப்பாக்கத்துப் பிள்ளைங்க நாப்பது பேரு வாகை நகருக்குப் போகுது."

"அங்க விலாசம் கேப்பாங்களே?"

அதற்குப் பதிலை வாகை நகர் வீடே சொன்னது. அன்று சாயங்காலம் ஞானதுரை அந்தப் பக்கம் ஒரு ஏ.சி. பார்க்கப் போயிருந்தபோது, அது அவனை ஜாடை காட்டிக் கூப்பிட்டது. "நீ ஏரிப்பாக்கத்துலயே இரு தம்பி. வாடகைப் பத்திரத்துல மட்டும் என்கிட்ட இரு. விலாசத்துக்கு மாசம் மூவாயிரம். உன்னை மாதிரி ஏழு குடும்பம் என்கிட்ட இருக்கு."

"ஒரு ரூம்ல ஏழு குடும்பமா?"

"காகிதத்துக்கு எவ்வளவு இடம் வேணும்?" என்றது வீடு.

தவச்செல்விக்குப் பிடிக்கவில்லை. "எல்லாரும் செய்றதுதானே செல்வி. பிள்ளை படிப்புக்குத்தானே" என்றான் அவன். கடைசியில் மூவாயிரத்தைக் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். மூன்று நாள் உட்கார்ந்து மகளுக்குப் பொய்யான கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லிக் கொடுத்தாள்.

சேர்க்கை நாளன்று கேட் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தது. பிறகு முதல் தடவையாகக் குனிந்தது. "பாப்பா, உன் வீடு எங்கே?"

ஜெமிமா அம்மாவைப் பார்த்தாள். "நெஜ வீடா, அம்மா சொல்லச் சொன்ன வீடா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட் நிமிர்ந்துகொண்டது. "பொய் சொல்லும் குடும்பங்களுக்கு இங்கே இடமில்லை" என்றது.

குழந்தை அழ ஆரம்பித்தாள். "தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லைடா. நீ ஒண்ணுதான் இங்க சரியாச் சொன்னே" என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தவச்செல்வி கேட்டின் பக்கம் திரும்பினாள். "பொய்யை விலைக்கு விக்கிறது உன் எதுத்த வீடு. வாங்க வச்சது உன் சட்டம். கெட்ட பேரு என் அஞ்சு வயசுப் பிள்ளைக்கா? உன் மதிலுக்குள்ள இருக்கிறது நல்ல படிப்புன்னா, அதுக்கு மதில் எதுக்குடா?"

கேட் மூடிக்கொண்டது.

ஏரிப்பாக்கத்துக்கே குடிபோனார்கள். ஜெமிமாவை அந்த ஓராசிரியர் பள்ளியில் சேர்த்தாள். பிறகு காலையில் ஏழரைக்கு வேன் நிற்கும் இடத்துக்குப் போய், பிள்ளைகளை இங்கேயே சேர்த்து டீச்சர் கேட்போம் என்று அங்கே நின்ற பெண்களிடம் பேசினாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதினோரு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். விலாசத்துக்கும் வேனுக்கும் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள்.

பதினோரு பேரோடு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேசைமேல் படுத்திருந்த கோப்பு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "பிள்ளைகள் எண்ணிக்கை போதாது" என்றது.

"இந்தா, புதுசாப் பதினாலு பிள்ளைங்க பேரு. எழுதிக்கோ" என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்தார்கள். அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். லீவு போட்ட நாளுக்கெல்லாம் கம்பெனி அவளுக்குச் சம்பளம் பிடித்தது. நான்காவது தடவை கோப்புக்குப் படுக்க இடம் கொடுக்காமல் மேசையைச் சுற்றி நின்றார்கள். அது எழுந்து நடந்துவிட்டது.

ஆகஸ்டில் இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். கரும்பலகைக்குப் புதுக் கறுப்பு பூசினார்கள். தீபாவளிக்குள் வேனில் பாதி இருக்கைகள் காலியாயின. ஜெமிமா கடைப் பலகைகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.

ஜனவரியில் ஒருநாள் தவச்செல்வி வேலை முடிந்து வந்தபோது, வீடு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஓனர் வந்திருந்தாரும்மா" என்றது வீடு. "பள்ளிக்கூடம் நல்லா ஆயிருச்சாமே, இப்ப இந்தப் பக்கம் வீட்டுக்குக் கிராக்கின்னு சொன்னாரு. அடுத்த மாசத்துலேர்ந்து பதினாலாயிரம். முடியாதுன்னா காலி பண்ணச் சொன்னாரு."

தவச்செல்வி தோள்பையைக் கழற்றவில்லை.

"அந்த டீச்சருங்களைக் கூட்டிட்டு வந்தது நான். அதுக்கு என்கிட்டயே வாடகையா?"