பதினேழாவது சமன்பாடு

ஒரு பொறியியல் கல்லூரியில் மரியசெல்வி லேப் உதவியாளர். சமன்பாடுகளை அச்சுப் புத்தகம்போல் அமைத்துத் தரும் பிளகின் என்ற துணை நிரல் ஒன்றை, கணினியில் அறிக்கை எழுதும் எடிட்டருக்காக அவளே எழுதியிருந்தாள். துறைத் தலைவர் தணிகாசலம் ஒரு பாலத்தைப் பற்றி எழுதிய ஆய்வறிக்கையை அதில் ஏற்றியதும், பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கேள்விக்குறிகள் விழுந்தன.

அவர் அவளை முதல்வரிடம் இழுத்துப்போனார். "இவ வேணும்னே என் அறிக்கையைக் கெடுக்கிறா. யாரு தூண்டிவிட்டாங்களோ! மதியத்துக்குள்ள குறியெல்லாம் மறையணும். இல்லேன்னா இவளை வேலையைவிட்டு அனுப்புங்க."

முதல்வரும் சந்தேகத்தோடு பார்த்தார். "என்னம்மா இது?"

மரியசெல்வி அறிக்கையைத் திறந்து காட்டினாள். "சார், 'பதினேழாவது சமன்பாட்டைப் பார்க்க'ன்னு அறிக்கையில அங்கங்கே வருது. ஆனா அதுல மொத்தமே பன்னிரண்டுதான் இருக்கு. இல்லாததைக் காட்டினா பிளகின் கேள்விக்குறி போடும். பதினேழாவதை சார் சொன்னா இப்பவே அடிச்சிடறேன், குறி மறைஞ்சிடும்."

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்தார். "அது... ரொம்ப நீளம்."

"பரவாயில்லை சார், மெதுவா சொல்லுங்க."

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். முதல்வர் எழுந்துபோய், அதே பாலத்தைப் போன வருடம் ஆராய்ந்த மாணவி நசீமாவின் ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினார். அறிக்கையின் வரிகள் அதில் அப்படியே இருந்தன; பதினேழாவது சமன்பாடும் இருந்தது.

"முதல் பக்கத்துல பேரை மாத்தும்மா" என்றார் முதல்வர். "நசீமான்னு போடு."