நெல்லிக்காய் கேட்டவர்கள்

சத்தியம்! என் மீசைமேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த மீசை உதிர்ந்து என் கஞ்சியிலேயே விழட்டும்!

மலையடிக் காட்டில் ஒரு கரடியக்கா இருந்தாள். முன்னங்கால் ஒடிந்ததிலிருந்து அவளால் மரம் ஏறவும் முடியவில்லை, மண்ணைத் தோண்டவும் முடியவில்லை. கோடை வேறு வந்துவிட்டது. குளத்தங்கரையில் தீனிக்கடை போடலாம் என்று நினைத்தாள். தின்கிறவர்கள் பதிலுக்கு ஆளுக்கொரு கிழங்கு தரட்டும். கடை ஓடினால் பிழைக்கலாம், ஓடாவிட்டால் பட்டினிதான்.

எதை விற்பது? தண்ணீர் குடிக்க வந்தவர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டாள்.

"நெல்லிக்காய்!" என்றது முயல். "உடம்புக்கு நல்லதாச்சே!"

நரி முயலை ஓரக்கண்ணால் பார்த்தது. "எனக்கும் அதேதான் அக்கா! வேறெதையும் மோந்துகூடப் பார்க்கமாட்டேன்!"

"நெல்லிக்காய் இல்லாமல் எனக்கு ஒருநாள் போகாது!" என்றது காட்டுப்பன்றி.

கரடி நொண்டி நொண்டி நெல்லிக்காய் பொறுக்கிக் குவித்தாள். ஒருவரும் தொடவில்லை. "அப்புறமா வரேன் அக்கா!" என்று நழுவினார்கள். காய் அழுகியது. கரடியின் வயிறு முதுகோடு ஒட்டியது.

ஒரு மத்தியானம் நரி கடைப்பக்கம் வந்தது. நடை கொஞ்சம் கோணல். மீசையில் ஓர் இலுப்பைப் பூ! தின்றால் போதை ஏறுமே, அதே பூ!

மறுநாள் கரடி யாரையும் விசாரிக்கவில்லை. நரியின் தடம் பிடித்துப்போய்ப் புதருக்குள் உட்கார்ந்தாள். பாறைக்குப் பின்னால் ஓர் இலுப்பை மரம். நரி வந்தது, பன்றி வந்தது, முயலும் வந்தது. தனித்தனியாக, திருட்டு முழி முழித்துக்கொண்டு! பூவை வாரி விழுங்கிய முயல் பின்னங்காலில் நின்று ஒரு பாட்டே பாடியது.

அடுத்த நாள் விடியுமுன் உதிர்ந்த பூவையெல்லாம் கரடி வாரிக் கடையில் குவித்தாள். மரத்தடி வெறிச்சோடியது. எல்லாரும் கடைக்கு வந்தார்கள், எச்சில் விழுங்கினார்கள், திரும்பிப் போய்விட்டார்கள்!

'கண்ணால் பார்த்ததும் பொய்யா?' கரடிக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தத் தடவை அவள் யாரையும் வரிசையாக நிறுத்தவில்லை. பன்றியை மட்டும் ஓரமாக அழைத்தாள். "ஏன்டா தம்பி, பூ நல்லா இல்லையா?"

"வாசனையே ஆளைத் தூக்குது அக்கா! ஆனா ஊரே கூடுற இடத்துல எப்படித் தின்றது? அந்த முயல் பார்த்தா என்ன நினைக்கும்? ரொம்ப ஒழுக்கமான ஆள்!"

கரடிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே கடை பாறைக்குப் பின்னால் போனது. நடுநடுவே தழைத்தட்டி வைத்து ஆளுக்கொரு மறைவும் செய்தாள். ஒருவர் தின்பது அடுத்தவருக்குத் தெரியாது. கிழங்கு குவிந்தது, கரடி வயிறாரத் தின்று கோடையைத் தாண்டினாள்.

பிறர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் செய்கிறார்கள் என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசித் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பூ தின்றபடி கரடியிடம் இதையெல்லாம் தெரிந்துகொண்டது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் சொன்னது என்று எவரிடமும் சொல்லியும் விடாதீர்கள். என் வீட்டில் நான் நெல்லிக்காய் தின்னப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!