மதியக் கஞ்சிவரை ஒரு நாடு

எந்த ஊரிலும் நாலு முட்டாள்கள் இருப்பார்கள். ஊருக்கு அது திருஷ்டிப்பொட்டு மாதிரி. நாணல்திட்டில் அப்படியில்லை. அங்கே முகம் முழுக்கப் பொட்டுத்தான்.

ஆற்றுக்கு நடுவே மேடாக எழும்பிய சின்னத் திட்டு அது. நாற்பது வீடு, ஒரு கோயில், ஒரு பரிசல். அக்கரையில் இருந்த ராஜாவுக்குக் கட்டுப்பட்ட ஊர். ராஜா நல்லவர். ஆனால் திட்டிலிருந்து வாரம் தவறாமல் அவருக்கு மனு போகும். "எங்கள் ஊரில் கோழி முட்டையிட்டிருக்கிறது. அடுத்து என்ன செய்வதென்று உத்தரவு வேண்டும்" என்று ஒரு மனு. "நேற்று பெய்தது மழைதானா என்று ஆள் அனுப்பிப் பார்த்துச் சொல்லவும்" என்று இன்னொன்று. பதினெட்டு வருஷம் ராஜா பொறுத்தார். பத்தொன்பதாவது வருஷம் பங்குனியில் ஓர் ஓலை அனுப்பினார்.

ஓலை கொண்டுவந்த சேவகன் முன்பு ஒருமுறை திட்டுக்கு வந்துபோனவன். அதனால் இந்தத் தடவை பரிசலில் ஏறாமல் அக்கரையிலேயே நின்று உரக்கப் படித்தான்.

"நாணல்திட்டு மக்களுக்கு. நீங்கள் தனி நாடாகப் பிரிந்துபோவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஒருவர் விடாமல் கூடிப் பேசுங்கள். ஒருவர் விடாமல் சம்மதித்தால் பிரிந்துகொள்ளுங்கள். முடிவாகும்வரை எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கட்டும்."

படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

திட்டில் எல்லோரும் அவரவர் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். நாட்டாண்மை அப்பாத்துரை ஊரைச் சுற்றிவந்து, எது எது எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கூடிப் பேசச் சொல்லியிருப்பதால் ஆட்கள் நடமாடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பிடுவதும் தூங்குவதும் முன்பே இருந்த வழக்கம் என்பதால் அவற்றுக்கும் தடையில்லை. மற்றபடி ஒரு துரும்பு அசையக்கூடாது.

நாவிதர் அப்போதுதான் சோலையப்பனுக்குப் பாதிச் சவரம் முடித்திருந்தார். கத்தியை மடக்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து சோலையப்பனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் அவரை 'தம்பி' என்றார்கள். இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் 'பெரியவரே' என்றார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே ஆள் மாற்றி ஆள் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதிலெல்லாம் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் செங்கமலத்துக்குத்தான்.

செங்கமலத்தின் மகள் பூரணியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். மகளை அழைத்துவரத்தான் செங்கமலம் அன்று கரையில் நின்றிருந்தாள். பரிசலோட்டி கலியன் அக்கரையிலிருந்து கிளம்ப ஒரு காலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துச் சேவகன் ஓலையைப் படித்தான். கலியன் காலைக் கீழே வைத்தான். பரிசல் அக்கரையில் நின்றுவிட்டது. பூரணியும் அக்கரையில் நின்றுவிட்டாள்.

"நாட்டாண்மை, எம் மக நெறமாசக்காரி. நான் நடந்தே போய் அழைச்சிட்டு வந்துடவா?" என்று செங்கமலம் கேட்டாள். ஆற்றில் அப்போது முழங்கால் அளவு தண்ணீர்தான்.

அப்பாத்துரை யோசித்தார். "ஆத்த நடந்து கடக்குறது எருமை. மனுசன் பரிசல்ல கடக்கணும். நீ மனுசியா இருந்தவ. இருந்தது இருந்தபடிதான் இருக்கணும்."

"அப்ப சீக்கிரம் முடிவு பண்ணுங்க. பிரிங்க, பிரியாம போங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எம் மக வரணும்."

கலியன் அக்கரையில் இருந்தான். ஒருவர் விடாமல் பேசவேண்டுமல்லவா? அவனுக்கும் காது கேட்கட்டும் என்று கூட்டத்தை ஆற்றோரத்தில் வைத்தார்கள்.

பிரியவேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் செங்கமலத்தின் அண்ணன் வைரக்கண்ணு. அவரிடம் ஒரு தாழங்குடை இருந்தது. ஊரில் வேறு யாரிடமும் குடை கிடையாது.

"ராஜான்னா கொடை வேணும். கொடை இருக்கு. அப்பறம் என்ன யோசனை?" என்றார் அவர்.

"ஏன்ண்ணே, நீ ராஜாவாகி என்ன செய்வ?" என்று செங்கமலம் கேட்டாள்.

"கொடைக்குக் கீழ நிப்பேன்."

"இப்பவும் அதத்தான செய்யிற?"

"இப்ப நிக்கிறது வெயிலுக்கு. அப்ப நிக்கிறது நாட்டுக்கு."

சபையில் பலர் தலையாட்டினார்கள். பாதிச் சவரத்தோடு சோலையப்பன் எழுந்தார். அவர் பிரியக்கூடாது என்ற கட்சி.

"சாயங்காலமானா நாம எல்லாரும் உக்காந்து ராஜாவ வையிறோம். ஒடம்புக்கும் மனசுக்கும் நல்லாருக்கு. அவரு அக்கரையில இருக்கறதால அவரு காதுல விழாது. வைரக்கண்ணு ராஜாவானா என்ன ஆவும்? வையிறது அவரு காதுல விழுந்துடும். அவரும் கூட உக்காந்துதான் வைவாரு. அவரு அவரையே வைய முடியுமா?"

"கொடைய மடக்கி வச்சிட்டு வைவேன்" என்றார் வைரக்கண்ணு.

இதைப் பேசி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் சோலையப்பன் இன்னும் பெரிய விஷயத்தை எடுத்தார்.

"சூரியன் எங்க மொளைக்குது?"

"அக்கரையில" என்றது சபை.

"அப்ப அது அவங்க சூரியன். நாம பிரிஞ்சுட்டா, காலையில ராஜா அனுப்ப மாட்டேன்னுட்டா என்ன செய்வீங்க?"

பெண்கள் சிலர் பயந்துபோய், வெளிச்சத்துக்கு விறகு போதுமா என்று கணக்குப் பார்த்தார்கள். வைரக்கண்ணு குடையைச் சுழற்றியபடி நிதானமாகப் பதில் சொன்னார்.

"காலையில அவங்க அனுப்புறாங்க, சரி. சாயங்காலம் எங்க வந்து விழுது? நம்ம பக்கந்தான? அவங்க வம்பு பண்ணுனா நாமளும் திருப்பி அனுப்ப மாட்டோம்."

அன்று பிரிவினைக் கட்சிக்கு ஆள் கூடியது.

அடுத்த வாரம் கலியன் அக்கரையிலிருந்து கூவினான். "நாட்டாண்மை, நாம பிரிஞ்சுட்டா அக்கரை வெளிநாடாயிடும். வெளிநாட்டுக்குப் போறது கப்பல். அப்ப நான் ஓட்டுறது பரிசலா, கப்பலா?"

நியாயமான கேள்வி என்று அதற்குப் பத்து நாள் ஒதுக்கினார்கள். ஒரு பக்கம் ஓட்டும்போது கப்பல், திரும்பும்போது பரிசல் என்று முடிவாயிற்று.

செங்கமலம் தினமும் வந்து உட்கார்ந்தாள். தினமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "முடிஞ்சுதா?" தினமும் அப்பாத்துரை ஒரே பதில்தான் சொன்னார். "ஒருத்தர் விடாம பேசணும்மா. இன்னும் முப்பது பேர் பாக்கி." அவள் கோபத்தில் அண்ணனிடம் பேசுவதை நிறுத்தப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினால் ஓலைக்கு விரோதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேசிக்கொண்டே கோபமாக இருந்தாள்.

சித்திரை பாதியில், காலை வெயில் ஏறும் நேரம், கலியன் அக்கரையில் இரண்டு கையையும் ஆட்டினான்.

"செங்கமலக்கா, பூரணிக்கு வலி கண்டுடுச்சு."

செங்கமலம் எழுந்துவிட்டாள். சபை கூடி யோசித்தது. பிள்ளை உள்ளே இருந்தது. இருந்தது இருந்தபடியே இருக்கவேண்டும். ஓலையில் அப்படித்தான் இருந்தது. முடிவாகும்வரை பொறுத்துக்கொள்ளும்படி பூரணிக்குச் சொல்லச் சொன்னார்கள்.

கலியன் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பொறுக்க முடியாதாம். இன்னொரு வார்த்தையும் சொல்லுச்சு. அத நான் சபையில சொல்ல மாட்டேன்."

"யாரப் பாத்துச் சொல்லுச்சு?" என்று அப்பாத்துரை கேட்டார்.

"ஒருத்தர் விடாம."

செங்கமலம் சபைக்கு நடுவில் போய் நின்றாள். "அண்ணே, ஒனக்குப் பிரியணும். சோலையப்பண்ணே, ஒனக்குச் சேந்திருக்கணும். அவ்வளவுதான? இப்பப் பிரிஞ்சுக்குங்க. மதியக் கஞ்சிக்குச் சேந்துக்குங்க. ரெண்டு பேர் சொன்னதும் நடந்துடும்ல?"

இவ்வளவு நாளும் இது யாருக்கும் தோன்றவில்லை. வைரக்கண்ணு சோலையப்பனைப் பார்த்தார். சோலையப்பன் சவரம் செய்த பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"முதல்ல பிரிஞ்சாத்தான சேர முடியும்?" என்றார் சோலையப்பன்.

"சேரப்போறோம்னா பிரியறதுல பயமில்ல" என்றார் வைரக்கண்ணு.

ஒருவர் விடாமல் சம்மதம். வைரக்கண்ணு குடையை விரித்தார். நாணல்திட்டு தனி நாடாயிற்று. கோயில் மணியை நிறுத்தினார்கள். ஊரே ஒரு நிமிஷம் காது குடைந்தது. நாவிதர் கத்தியை எடுத்தார்.

"பரிசல ஓட்டிட்டு வாடா கலியா" என்று செங்கமலம் கத்தினாள்.

அக்கரையில் பூரணியை அவள் புருஷன் பரிசலில் ஏற்றினான். கலியன் துடுப்புப் போட்டான். நடுவில் பரிசல் மணலில் தட்டி நின்றது. திட்டிலிருந்து நாலு பேர் ஆற்றில் இறங்கி நடந்துபோய், பரிசலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். நடந்து ஆற்றைக் கடக்க முடியாது என்பதில் அப்போதும் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

தாய்வீட்டு நடையைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் பூரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செங்கமலம் குழந்தையைத் துடைத்து மகளிடம் காட்டிவிட்டு, அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கஞ்சியை இறக்கினாள்.

கஞ்சி நேரம் வந்தது. சொன்னபடி வைரக்கண்ணு குடையை மடக்கப் போனார். பாதி மடக்கியவர் நின்றார்.

"நாட்டாண்மை, ஒரு சந்தேகம். நாம எல்லாரும் ராஜா நாட்டுல பொறந்தவங்க. சேரச் சம்மதிச்சவங்க. இந்தப் புள்ள?"

ஊர் திகைத்தது. குழந்தை பிறந்தபோது குடை விரிந்திருந்தது. தனி நாட்டிலேயே பிறந்த ஒரே ஆள் அதுதான். அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அப்பாத்துரை வாசலில் நின்றபடி, உள்ளே கேட்கும்படி பணிவாகக் கேட்டார். "தாயி, ராஜாவோட சேந்துக்கலாமா?"

குழந்தை வீறிட்டு அழுதது.

"அவசரப்பட்டுச் சொல்லியிருக்கும். இன்னொரு தடவ கேளுங்க" என்றார் சோலையப்பன். கேட்டார்கள். இன்னும் பலமாக அழுதது. மூன்றாம் தடவை கேட்டபோது உள்ளேயிருந்து பூரணி பதில் சொன்னாள். காலையில் கலியன் சபையில் சொல்ல மறுத்த வார்த்தை இதுவாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஆகவே, குழந்தையைத் தவிர மற்ற எல்லோரும் ராஜாவோடு சேர்ந்துகொண்டார்கள். குழந்தை தனி நாடாகவே இருந்தது.

"நாடோ காடோ, பச்சப்புள்ளைக்கு வெயில் படாம பாத்துக்குங்க" என்றாள் செங்கமலம். மகள் வந்துவிட்டாள். அவளுக்கு வேறு வழக்கு இல்லை.

முப்பது கழிந்ததும், வாசலில் இருந்த பூவரச மரக்கிளையில் பழம்புடவையால் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டார்கள். பூரணிக்கு வைரக்கண்ணு தாய்மாமன். முறைப்படியும் ராஜாங்கப்படியும் அவரே தூளிக்குக் குடை பிடித்தார்.

அந்த வாரத்தில் ராஜாவின் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். வயதானவர், மரியாதை தெரிந்தவர். திட்டில் இறங்கியதும் கேட்டார். "பிரிந்தீர்களா, இருக்கிறீர்களா?"

"பிரிஞ்சு சேந்துட்டோமுங்க" என்றார் அப்பாத்துரை. "அந்தத் தூளி மட்டும் வெளிநாடு."

அதிகாரி தூளியைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் ஆசை உண்டு. அவருக்கும் இருந்தது.

"நல்லது. அந்த நாட்டின் எல்லை எதுவரை வருகிறதோ, அந்த இடத்தில் ஒரு கல்லை நடுங்கள். நட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். அதுவரை இங்கேயே நிற்கிறேன்" என்றார்.

நாலு பேர் ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்தார்கள். செங்கமலம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லை கிழக்கே போயிற்று. நாலு பேரும் கல்லோடு கிழக்கே ஓடினார்கள். குனிந்து வைப்பதற்குள் எல்லை மேற்கே போய்விட்டது. மேற்கே ஓடினார்கள்.

"கொஞ்சம் நிறுத்தக்கூடாதாம்மா?" என்று அவர்களில் ஒருவன் மூச்சு வாங்கக் கேட்டான்.

"நிறுத்துனா அழுவும்" என்றாள் செங்கமலம்.

வெளிநாட்டை அழவைக்க யாருக்கும் துணிவில்லை. கல் கிழக்கேயும் மேற்கேயும் ஓடியது. அதிகாரி நின்ற இடம் தூளி வந்துபோகும் வழியில் இருந்தது. தூளி அவர் பக்கம் வரும்போது அவர் அந்நிய மண்ணில் நின்றார். விலகும்போது சொந்த நாட்டில் நின்றார். வருகிற விருந்தாளியை வரவேற்காமல் இருப்பது மரியாதையா? வைரக்கண்ணு குடைக்குக் கீழிருந்து தூளி வரும்போது "வாங்க" என்றார். போகும்போது "போயிட்டு வாங்க" என்றார்.

"வாங்க."

"போயிட்டு வாங்க."

"வாங்க."

அதிகாரியும் ஒவ்வொரு தடவையும் கைகூப்பினார். பொழுது சாயும்வரை, நின்ற இடத்திலேயே வருவதும் போவதுமாக இருந்தார்.