மறக்கத் தெரியாத அசரேல்

"ரபி, மறப்பதற்கு ஒரு வழி சொல்லுங்கள்," என்றார் அசரேல்.

ரபி யெதாயா வாசலில் உட்கார்ந்து சல்லடை பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் கலிலேயா மலைச்சரிவில் நாலு ஊருக்கு அவர்தான் ரபி, வேதம் சொல்லித்தரும் குரு. சாப்பாட்டுக்குச் சல்லடை. வயதைக் கேட்டால் அசரேலின் மூத்த மகனைவிட இரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான்.

"எதை மறக்க வேண்டும்? பழைய சண்டையா?"

"கதிர்க்கட்டு ஒன்றை."

ரபியின் கை நின்றது.

"அறுவடையில் ஒரு கட்டை மறந்து வயலிலேயே விட்டு வந்துவிட்டால், திரும்பிப் போய் எடுக்கக் கூடாது, அது ஏழைகளுக்கு என்று மோசே சொல்லியிருக்கிறாரே," என்றார் அசரேல். "வயலுக்குச் சொன்ன மற்றதெல்லாம் நான் செய்துவிட்டேன். ஏழைகளுக்கென்று விட்ட ஓரத்தை அறுத்ததில்லை. சிந்திய கதிரைப் பொறுக்கியதில்லை. ஏழாம் வருஷம் வந்தால் நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறேன். இது ஒன்றுதான் கைக்கு வரவில்லை. மறந்தால்தானே செய்ய முடியும்? எனக்குத்தான் மறதியே இல்லையே."

அது உண்மைதான். எந்த மழையில் எந்த ஆடு குட்டி போட்டது, யார் வீட்டு வாளி எந்தக் கிணற்றில் விழுந்தது, கல்யாணமான புதிதில் மனைவி அக்சாள் எத்தனை நாள் கூழைத் தீய விட்டாள், அத்தனையும் அசரேலுக்கு நேற்று நடந்த மாதிரி. இதில் அக்சாளுக்குப் பெருமையும் உண்டு, தலைவலியும் உண்டு.

"ஒரு கட்டை விட்டுவிட்டு வந்தால் போயிற்று," என்றார் ரபி.

"தெரிந்தே விட்டுவந்தால் அது தானம். மறந்து விட்டுவந்தால்தான் மோசே சொன்னது."

"இத்தனை வருஷம் இல்லாத அவசரம் இப்போது என்ன?"

"முழங்கால் போய்விட்டது. இந்த அறுப்போடு நிலம் மகன்கள் கைக்குப் போகிறது. இன்னும் ஐந்து நாள். அதற்குள் நான் மறந்தாக வேண்டும்."

ரபி சிரிக்கவில்லை. நூலைப் பல்லில் கடித்து அறுத்தார்.

அசரேல் குரலைத் தாழ்த்தினார். "எருசலேமில் கோயில் இருந்திருந்தால் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய், என்னால் ஆனது இவ்வளவுதான் என்று நின்றிருப்பேன். அது இடிந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் நிற்க எனக்கு இருப்பது இந்த வயல்தான், ரபி."

"மறந்து பாருங்கள். கடைசி நாள் நான் வருகிறேன்."

முதல் நாள் காலையில், "இன்று மறந்துவிட்டுத்தான் வருவேன்," என்று அக்சாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கின குழந்தையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?" என்றாள் அவள்.

அன்று பாறைக்குப் பின்னால் ஒரு கட்டைப் போட்டுவிட்டு வந்தார். வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே கட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார். எந்தக் கட்டு எங்கே கிடக்கிறது என்பது கண்ணை மூடினால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு ஜாடி திராட்சரசம் குடித்தார். அன்றைய கட்டுகளோடு பதினோரு வருஷத்துக்கு முந்தின கட்டுகளும் ஞாபகம் வந்தன.

வயல் ஓரத்தில் கதிர் பொறுக்க வந்திருந்த திர்சாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"ஐயா, உங்கள் வயலில் ஓரம் கிடைக்கும், உதிரி கிடைக்கும். குறையே சொல்ல மாட்டேன்," என்றாள். "மறதி வேண்டுமென்றால் மட்டும் பக்கத்து வயலுக்குத்தான் போக வேண்டும்."

கூலியாட்கள் சிரித்தார்கள். அசரேலும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கடைசி நாள் மதியம் ரபி வந்தார். வெயில் வயலின் மேல் தேன் மாதிரி மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. வைக்கோல் தூசு காற்றில் பொன்னாக மிதந்தது. உயரே நாரைக் கூட்டம் ஒன்று இறக்கை அசைக்காமல் வட்டமிட்டது. அறுப்பு முடிந்து, கட்டுகளை வண்டியில் ஏற்றுவதுதான் பாக்கி.

"பெரியவரே, நீங்கள் கோயிலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார் ரபி.

"ஒரே ஒரு தடவை. பத்து வயதில்."

"நான் பிறக்கும்போதே அது இல்லை. கொஞ்சம் நடந்துகொண்டே சொல்லுங்களேன்."

அசரேல் ரபியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வருஷத்து முதல் கனிகளைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன பயணம் அது. ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் ஒரு காளை போனது. அதன் கொம்பில் தங்கப்பூச்சு, தலையில் ஒலிவ இலைக் கிரீடம். அதற்கும் முன்னால் ஒருவன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டே போனான். அத்திப்பழக் கூடையை அப்பா ஒரு தோளில் வைத்திருந்தார், இவரை இன்னொரு தோளில்.

"ராத்திரி வெளியிலேயே படுத்தோம். விடிகிறபோது குழல்காரன் ஊதினான். அந்தச் சத்தத்திலேயே எழுந்து, தூக்கத்திலேயே நடந்தேன் என்று நினைக்கிறேன். கடைசி மேட்டில் ஏறினதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். எதிரே மலைமேல் பால் பொங்கி அப்படியே நின்ற மாதிரி இருந்தது, ரபி. அவ்வளவு வெள்ளை."

"அப்புறம்?"

"அப்புறம் எருசலேம் ஜனங்கள் எழுந்து நின்று, எங்களைப் பார்த்து, வாருங்கள் சகோதரரே என்றார்கள். எங்களை. ஒரு கூடை அத்திப்பழக்காரர்களை."

கூலியாட்கள் வேலை செய்தபடியே அவர்கள் பக்கம் நகர்ந்து வந்தார்கள். அசரேல் அந்தக் குழலின் ராகத்தை முனகிக் காட்டினார். ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான், பிறகு இன்னொருவன். கட்டுகள் வண்டியேறின. யார் தூக்கினார்கள், எப்போது தூக்கினார்கள் என்று கேட்டால் அவர்களில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. வண்டி அந்த ராகத்தோடே அசைந்து அசைந்து களத்துக்குப் போனது. வயலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

களத்தில் கட்டுகளை இறக்கிப் போட்டதும் ராகம் நின்றது. அசரேல் பொத்தென்று உட்கார்ந்தார். ரபி அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முடிந்துவிட்டது, ரபி. கடைசி வண்டியும் வந்துவிட்டது. எதையும் மறக்காமலே என் காலம் போய்விட்டது."

"மறக்கவில்லை என்று எப்படித் தெரியும்?"

"மறந்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்குமே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

"அப்படியென்றால்..." அசரேல் பரபரவென்று எழுந்தார். "ஒரு எட்டு வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன். எடுக்க மாட்டேன். பார்க்கிறேன், அவ்வளவுதான்."

"அறுப்புதான் முடிந்துவிட்டதே. அங்கே என்ன வேலை?"

"சரி, இங்கேயே எண்ணிவிடுகிறேன். இன்று தொண்ணூற்று நாலு கட்டு கட்டினோம். தொண்ணூற்று மூன்று இருந்தால் தெரிந்துவிடும்." விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். "ஒன்று, இரண்டு, மூன்று..."

ரபி எழுந்தார். பக்கத்தில் கிடந்த கட்டின் முடிச்சை அவிழ்த்து, கதிரை உதறிக் களத்தில் பரப்பினார். அடுத்ததையும் அவிழ்த்தார். கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் குனிந்து அவிழ்க்கத் தொடங்கினார்கள். அசரேல் பதினேழு வரை எண்ணியிருந்தார். அதற்குள் களம் முழுக்க ஒரே கதிராக, அலை அலையாகக் கிடந்தது. அதில் எங்கே ஒன்று முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது?

ரபி பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார். அசரேல் மறுபடி அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

முதுகுக்குப் பின்னால், வயலிலிருந்து ஊருக்குப் போகும் பாதையில், காலடிச் சத்தம் கேட்டது. திர்சாளின் பிள்ளைகள் அந்தக் குழல் ராகத்தைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அவள் நடை மட்டும் மெதுவாக வந்தது. தலையில் பாரம் உள்ளவளின் நடை. காய்ந்த கதிர்கள் ஒன்றோடொன்று உரசின. ஓரத்தில் அவளே அறுத்த கதிராக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். திரும்பினால் ஒரு பார்வை போதும்; தன் கையால் போட்ட முடிச்சு அசரேலுக்குத் தெரியாதா?

கழுத்து பாதி திரும்பி நின்றுவிட்டது.

"ரபி, நீங்கள் அந்தப் பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"அவள் தலையில் இருக்கிற கட்டு யாருடையது?"

"அவளுடையது," என்றார் ரபி.