ஏழாவது குட்டி வந்து சேருமுன்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குச் சண்டையும் இல்லாமல் தூக்கமும் வராமல் கிடந்த காலத்தில், கோதண்ட பூபதி என்ற மன்னர் ஒரு தேசத்தை ஆண்டுவந்தார். எந்தத் தேசம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவரும் அதைச் சொல்லவில்லை. மன்னருக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். ஆனால் அந்த வருஷம் அதுவும் சலித்துப் போயிற்று. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது லாயத்தில் கொள்ளு வேகவைக்கிறவளுக்குக்கூட முதல்நாளே தெரிந்திருந்தது.

"இதுவரை ஒரு பந்தயமும் ஓடாத குட்டிகளை ஓடவிட்டால் என்ன?" என்று ஒருநாள் சபையில் கேட்டார் மன்னர். ராஜா கேட்டால் அது கேள்வியா? மறுநாள் காலையிலேயே இரண்டு வயதுக் குட்டிகளாகப் பார்த்து ஏழு குட்டிகளை அரண்மனை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அவற்றைப் பார்த்ததும் சபையில் பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் வெயில் மதிலேறி வந்தது. உடம்புக்கு மீறிய நீளக் கால்கள். மினுங்குகிற தோல். ஒரு கணம் சும்மா இராத காதுகள். ஓட்டம் என்று ஒன்று தமக்குள் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. மன்னர் ஒரு குட்டியின் கழுத்தில் கை வைத்தார். அது நடுங்கியது. மன்னர் கையை எடுக்காமல் அதைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த அமைதி பிரதானி உத்தண்டராயருக்குப் பொறுக்கவில்லை. குதிரை சாஸ்திரத்தில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும், மகாராஜா. நான்கு காலும் முகமும் வெளுத்த இந்தப் பஞ்சகல்யாணியைப் பாருங்கள். மார்பில் ராஜசுழி. இதுதான் முதலில் வரும். அதோ அந்த மண்நிறப் பெண்குட்டிக்கு நெற்றியில் கெட்ட சுழி. அதைப் பந்தயத்தில் விடுவதைவிட வண்டியில் பூட்டலாம்."

சபையோர் தலையாட்டினார்கள். பிரதானி பேசினால் தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். ஒரே ஒரு தலை ஆடவில்லை. அது அந்தச் சபையின் விகடகவி அம்பலவாணனுடையது.

"முளையில் பயிரும் களையும் ஒன்றாகத்தான் இருக்கும், பிரதானியாரே. ஓடாத குட்டியின் வேகத்தைப் புகழ்வது, பேச்சே வராத பிள்ளையின் பாட்டைப் புகழ்வது மாதிரி" என்றான் அவன்.

மன்னர் சிரித்துவிட்டார். உத்தண்டராயருக்கு முகம் கறுத்தது. அம்பலவாணன் பேசுவதும் மன்னர் சிரிப்பதும் பல வருஷமாக அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. அன்றைக்கு அதை எடுத்துப் போட வழி கிடைத்தது.

"அப்படியானால் விகடகவியே மதிப்பிட்டுச் சொல்லட்டும், மகாராஜா. குருட்டாம்போக்கில் ஒன்றை யாரும் சொல்லிவிடலாம். முதல் குட்டியிலிருந்து கடைசிக் குட்டி வரைக்கும் வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால், ஆயுளுக்கும் இந்தச் சபையில் அவர் வாய் திறக்கக் கூடாது."

மன்னருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நல்ல யோசனை. பந்தயம் முடியுமுன் சொல்லிவிட வேண்டும், அம்பலவாணா."

"உத்தரவு, அரசே. வழியில் ஒரு குட்டி படுத்துக்கொண்டால்?"

தப்பிக்க வழி தேடுகிறான் என்று நினைத்தார் உத்தண்டராயர். உடனே குறுக்கே விழுந்தார். "நழுவப் பார்க்கிறார், மகாராஜா. பந்தயம் முடிகிற இடத்தில் தரையில் போடும் சுண்ணாம்புக் கோட்டை ஏழு குட்டிகளும் தாண்டியாக வேண்டும். ஏழாவது குட்டி தாண்டும்வரை பந்தயம் முடிந்ததாகாது. தாண்டிய பிறகு அவர் சொல்லும் ஒரு சொல்லும் செல்லாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

அம்பலவாணனுக்கு முன்னாலேயே செய்தி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி கனகவல்லி சோற்றைப் போட்ட விதத்திலேயே அது தெரிந்தது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. நம்ம வீட்டு அடுப்பு எரியறதே உங்க வாயாலதான். அதையே பணயம் வச்சிட்டு வந்திருக்கீங்களே. எது ஜெயிக்கும்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"ஒண்ணுகூடவா?"

"லாயத்துக்குப் போய்ப் பார்த்தேன், கனகு. ஒரு குட்டி தன் நிழலைக் கண்டே மிரளுது. ஒண்ணு கட்டின கயித்தத் திங்குது. அந்த மண்நிறக் குட்டி வானத்துல போற கொக்கப் பார்த்துக்கிட்டே நிக்குது. இதுங்கள வச்சு ஜோசியம் சொல்ல பிரம்மாவாலயும் ஆகாது."

"பின்ன எப்படிச் சோறு இறங்குது உங்களுக்கு?"

"முடியறதுக்கு முன்னாலதான சொல்லணும். ஆறு குட்டி வந்துட்டா, ஏழாவது எதுன்னு கேக்கணுமா? அது கோட்டத் தாண்டறதுக்குள்ள வரிசையாச் சொல்லிட்டாப் போச்சு."

 கனகவல்லி நெய்யை எடுத்து வந்து ஊற்றினாள். "அந்த நேரத்துல வாய் வரணுமே" என்றாள்.

"எனக்கா? எனக்கு வாய் வராத நேரம்னு ஒண்ணு உண்டா?"

பேச்சுக்காரனின் கர்வம் இருக்கிறதே, அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

பந்தயத்தன்று ஊரே மைதானத்தில் கூடியது. முந்தின நாள் மழையில் தரை குளிர்ந்திருந்தது. மெலிந்த ஆட்களாகத் தேர்ந்தெடுத்துக் குட்டிகள் மேல் ஏற்றினார்கள். முரசு அதிர்ந்தது. ஒரு குட்டி மிரண்டு பின்பக்கம் திரும்பிக்கொண்டது. ஒன்று இருந்த இடத்திலேயே குதித்தது. பஞ்சகல்யாணி மட்டும் ராஜநடையாகப் புறப்பட்டது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக மண்நிறப் பெண்குட்டி கிளம்பியது. கொஞ்சம் துள்ளியது, கொஞ்சம் நடந்தது. பிறகு என்ன தோன்றிற்றோ, கழுத்தை நீட்டியது.

ஐயா, அதை நான் எப்படிச் சொல்வேன். சிரித்துக்கொண்டிருந்த ஊர் அப்படியே அடங்கிப் போயிற்று. குளம்படி ஓசை ஒன்றுதான் கேட்டது. குளம்பு தரையில் படுகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. இன்னும் வேகம் இருக்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று தனக்குள்ளிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே ஓடியது அந்தக் குட்டி. ஒவ்வொரு எட்டிலும் அதற்கே ஆச்சரியம். மற்றக் குட்டிகளைத் தாண்டியதைக்கூட அது கவனிக்கவில்லை. மேலே இருந்தவன் கடிவாளத்தை விட்டுவிட்டுக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டான். மன்னர் எழுந்து நின்றுவிட்டார். ராஜா எழுந்தால் சபையும் எழ வேண்டும் என்பது முறை. சபை அவருக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தது.

மண்நிறக் குட்டி கோட்டைத் தாண்டி, நிற்கத் தெரியாமல் இன்னும் வெகுதூரம் ஓடிற்று. அதன் பிறகு ஒவ்வொன்றாக ஐந்து குட்டிகள் வந்து சேர்ந்தன. பஞ்சகல்யாணியைக் காணோம். பாதி வழியில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் அது தன் முகத்தை முதல்முதலாகப் பார்த்துவிட்டது. பார்த்தது பார்த்தபடி நின்றது. மேலே இருந்தவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இதுதான் அம்பலவாணன் பேச வேண்டிய நேரம். அவன் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை.

"தோற்றுவிட்டார், மகாராஜா. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை" என்றார் உத்தண்டராயர்.

"ஏழாவது குட்டி இன்னும் வரவில்லையே. அது தாண்டும்வரை என்று சொன்னது நீர்தானே?" என்றார் மன்னர்.

உத்தண்டராயர் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறது அவருடைய ராஜசுழி. அப்போதுதான் தாம் விரித்த வலை எங்கே கிழிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். முழங்கால் சேற்றில் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். பின்னால் போய்த் தள்ளினார். தேசத்தின் பிரதானி ஒரு குதிரைக்குட்டியின் பின்புறத்தில் தோள் கொடுத்து நிற்பதை ஊரே பார்த்தது. குட்டி மனமில்லாமல் நகர்ந்தது. பிறகு நடந்தது. கோடு நெருங்கியது.

அம்பலவாணன் தொண்டையைக் கனைத்தான். காற்றுத்தான் வந்தது. அந்தக் கணம் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

பெண்கள் கூட்டத்திலிருந்து கனகவல்லி ஓடிவந்தாள். "ஏங்க, குதிரை வருது. பேசுங்க" என்று சொல்லி அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மண்நிறம்" என்றான் அம்பலவாணன். குரல் கரகரத்தது. "அடுத்தது செவலை. அப்புறம் கறுப்பு, சாம்பல், வெள்ளை, புள்ளிக்குட்டி. கடைசியாகப் பஞ்சகல்யாணி."

அவன் சொல்லி வாய் மூடவும் பஞ்சகல்யாணி கோட்டில் கால் வைக்கவும் சரியாக இருந்தது.

"இது அநியாயம், மகாராஜா. கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வது ஒரு மதிப்பீடா?" என்றார் உத்தண்டராயர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"பார்க்காமல் சொல்வதைத் தாங்கள் அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள், பிரதானியாரே. மிச்சம் இருந்தது எனக்கு இதுதான்" என்றான் அம்பலவாணன்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். "உன் வாயை அடைக்க இனி யாரும் இந்தச் சபையில் பேச்செடுக்கக் கூடாது. அது கிடக்கட்டும், ஆறு குட்டிகள் வந்த பிறகும் ஏன் சும்மா நின்றாய்? பிரதானியைச் சேற்றில் இறக்கி வேடிக்கை பார்க்கவா?"

"அப்படிச் சொன்னால் எனக்குப் பெருமைதான், அரசே. ஆனால் பொய். அந்தக் குட்டி ஓடியதைப் பார்த்தேன். என்னிடம் இருந்த சொல் ஒன்றும் அதற்குப் போதவில்லை. ஆயுளுக்கும் வாய் போய்விடும் என்பதுகூட மறந்துவிட்டது."

மன்னர் சிரிப்பை நிறுத்தினார். "நான் ராஜா என்பதே எனக்கு மறந்துவிட்டது" என்றார் மெதுவாக. பிறகு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"அடுத்த வருஷமும் இப்படி ஓடாத குட்டிகளை ஓடவிடுவீர்கள். எது ஜெயிக்கும் என்று அப்போது என்னைக் கேட்காதீர்கள், அரசே. என் காதுபட யாரையும் சொல்லவும் விடாதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாமல் பார்க்க வேண்டும்."

மன்னர் மறுபடி சிரித்தார். "தந்தோம். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார். நானும் தெரியாமலே பார்க்கிறேன்" என்றார்.

முத்துமாலை கழுத்தில் இருக்க, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்பலவாணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கனகவல்லியும் இந்த முறை அவனைக் கிள்ளவில்லை.